குண்டு வெடித்தால் எண்ணெய் விலை ஏறுமா, விலை ஏறினால் குண்டு வெடிக்குமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரே வரைபடத்தில் இரண்டு கோடுகளைப் போட்டிருக்கிறார். ஒன்று கச்சா எண்ணெயின் ஆண்டுச் சராசரி விலை, மற்றது உலகில் பதிவான பயங்கரவாதத் தாக்குதல்களின் எண்ணிக்கை. இரண்டும் 2003க்குப் பின் ஏறி, 2012–14 வாக்கில் உச்சம் தொட்டு, பிறகு சரிகின்றன. "இதில் எது காரணம், எது விளைவு? விலையைப் பார்த்தே அடுத்த மோதலைக் கணிக்க முடியுமா?" என்று கேட்கிறார். இதற்குள் தனித்தனியாகப் பிரிக்க வேண்டிய மூன்று கேள்விகள் இருக்கின்றன. வன்முறை விலையை ஏற்றுகிறதா என்பதற்கு ஓரளவு உறுதியான பதில் உண்டு. உயர்ந்த விலை வன்முறைக்குத் தீனி போடுகிறதா என்பதற்கு இடத்தைப் பொறுத்து மாறும் பதில்தான் உண்டு. கணிக்க முடியுமா என்றால், விலையை மட்டும் வைத்து முடியாது.

முதலில் அந்த வரைபடம். அதில் தெரியும் ஒற்றுமை பெரும்பாலும் தற்செயல் என்பது என் கணிப்பு. 2003 முதல் 2008 வரை விலை ஏறியதற்கு முதன்மைக் காரணம் சீனா போன்ற நாடுகளில் தேவை வளர்ந்த வேகம். உற்பத்தி அதற்கு ஈடுகொடுக்கவில்லை. 2008 ஜூலையில் 147 டாலரைத் தொட்ட பீப்பாய் விலை, டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே இறங்கியது. அதைச் செய்தது நிதி நெருக்கடி. அந்த ஐந்து மாதங்களில் ஈராக்கிலோ ஆப்கானிஸ்தானிலோ சண்டை ஓய்ந்துவிடவில்லை. 2014இன் பிற்பாதியில் விலை சரிந்ததற்கு பாறையை உடைத்து எடுக்கும் அமெரிக்க ஷேல் எண்ணெயும், உற்பத்தியைக் குறைப்பதில்லை என்று எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் நவம்பர் 27 அன்று எடுத்த முடிவும் காரணம். மறுபக்கம், அந்த ஆண்டுகளில் தாக்குதல் எண்ணிக்கையைத் தூக்கி நிறுத்திய நாடுகள் ஈராக், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான். இவற்றில் பின்னிரண்டும் எண்ணெயை வெளியிலிருந்து வாங்கும் நாடுகள். போதாததற்கு, தாக்குதல்களைத் தொகுக்கும் தரவுத்தளங்களின் சேகரிப்பு முறையும் நடுவில் மாறியிருக்கிறது. பத்தாண்டுகள் ஒருசேர ஏறும் எந்த இரண்டு எண்களை எடுத்தாலும் அவை ஒட்டிப்போவது போலத்தான் தெரியும்.

இனி உறுதியான பகுதி. சந்தை வன்முறையின் அளவைப் பார்ப்பதில்லை. எத்தனை பீப்பாய் நின்றுபோகும், எத்தனை நாளுக்கு, அதை ஈடுகட்ட வேறெங்கே எண்ணெய் இருக்கிறது என்றுதான் பார்க்கிறது. இதற்கு 1967ஐயும் 1973ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிடத் தெளிவான சான்று இல்லை. இரண்டுமே அரபு–இஸ்ரேல் போர்கள். இரண்டிலும் அரபு நாடுகள் எண்ணெய்த் தடையை ஆயுதமாக எடுத்தன. 1967இல் சூயஸ் கால்வாயும் மூடப்பட்டது. ஆனாலும் அந்தத் தடை சில வாரங்களில் பிசுபிசுத்துப் போனது, ஏனென்றால் அமெரிக்கக் கிணறுகளில் திறக்காமல் வைத்திருந்த உற்பத்தித் திறன் நிறைய இருந்தது. 1970இல் அமெரிக்க உற்பத்தி உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியது. 1972இல் டெக்சாஸ் மாநிலம் தன் கிணறுகளுக்கு வைத்திருந்த உற்பத்திக் கட்டுப்பாட்டையே நீக்கிவிட்டது. அதாவது கையில் மிச்சம் எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு அதே ஆயுதத்தை எடுத்தபோது, 1973 அக்டோபரில் 3 டாலராக இருந்த அறிவிப்பு விலை (ஒரு பீப்பாய்க்கு அதிகாரபூர்வமாக அறிவிக்கப்படும் விலை) 1974 ஜனவரியில் 11.65 டாலரானது. போரின் கொடுமையை அளந்து இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது. உபரித் திறன் இருந்ததும் இல்லாமல் போனதும்தான் விளக்கம்.

உபரி இல்லாதபோது விலை ஏன் அவ்வளவு எகிறுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. உலகம் ஒரு நாளைக்குச் சுமார் 10 கோடி பீப்பாய் பயன்படுத்துகிறது. அதில் 20 லட்சம், அதாவது 2 சதவீதம், ஈடில்லாமல் நின்றுபோனால் யாரோ அந்த அளவு பயன்பாட்டைக் குறைத்தாக வேண்டும். ஆனால் வேலைக்குப் போகும் வண்டியும் சரக்கு லாரியும் விமானமும் ஒரு வாரத்தில் மாறிவிடுவதில்லை. விலை 10 சதவீதம் ஏறினால் பயன்பாடு அரை முதல் ஒரு சதவீதம் குறையும் என்று வைத்துக்கொண்டால், அந்த 2 சதவீதத்தை வெட்ட விலை 20 முதல் 40 சதவீதம் ஏற வேண்டியிருக்கும். அதே 20 லட்சம் பீப்பாயை இன்னொரு நாடு ஒரு மாதத்துக்குள் திறந்துவிட முடிந்தால் ஏற்றம் சில நாளில் கரைந்துவிடும்.

இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், புரியாமல் இருந்த பல நிகழ்வுகள் புரியும். ஈரான்–ஈராக் போரில் 1984 முதல் இரு தரப்பும் வளைகுடாவில் டேங்கர்களைக் குறிவைத்துத் தாக்கின. தாக்கப்பட்ட கப்பல்கள் 400ஐத் தாண்டும். அந்தப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1986இல் விலை 10 டாலர் அளவுக்கு விழுந்தது. விலையைத் தாங்கிப் பிடிக்கத் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டே வந்த சவூதி அரேபியா, அதைக் கைவிட்டுக் குழாயைத் திறந்ததுதான் காரணம். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு விலை சில நாள் துள்ளிவிட்டு, நவம்பரில் 20 டாலருக்குக் கீழே போனது. அந்தத் தாக்குதலில் ஒரு கிணறுகூட நிற்கவில்லை. விமானப் பயணம்தான் குறைந்தது, எண்ணெய்த் தேவையும் கூடவே இறங்கியது. 2014 ஜூனில் ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) அமைப்பு ஈராக்கின் வடக்கே மோசூலைப் பிடித்தபோது, உலகச் சந்தையின் அளவுகோலான பிரென்ட் வகைக் கச்சா எண்ணெய் 115 டாலரைத் தொட்டது. அந்த அமைப்பு வலுப்பெற்றுக்கொண்டிருந்த அடுத்த ஆறு மாதத்தில் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. ஈராக்கின் ஏற்றுமதி எண்ணெயில் பெரும்பகுதி தெற்கே பாஸ்ராவிலிருந்து போகிறது, சண்டை அங்கே எட்டவேயில்லை.

மிக நல்ல பாடம் 2019 செப்டம்பர் 14. சவூதியின் அப்கைக் சுத்திகரிப்பு வளாகமும் குரைஸ் எண்ணெய் வயலும் ட்ரோன்களாலும் ஏவுகணைகளாலும் தாக்கப்பட்டன. ஒரே காலையில் 57 லட்சம் பீப்பாய் அன்றாட உற்பத்தி நின்றது, உலக வழங்கலில் சுமார் 5 சதவீதம். மேலே சொன்ன கணக்குப்படி விலை 50 முதல் 100 சதவீதம் ஏறியிருக்க வேண்டும். சந்தை திறந்ததும் பிரென்ட் ஏறக்குறைய 20 சதவீதம் எகிறி, அன்றைய முடிவில் 14 சதவீதத்துக்குச் சற்று மேல் ஏற்றத்தோடு 69 டாலரில் நின்றது. மாதக் கடைசியில் தாக்குதலுக்கு முந்தைய 60 டாலர் அளவுக்கே திரும்பிவிட்டது. சேமிப்புத் தொட்டிகளில் இருந்த எண்ணெயை எடுத்து சவூதி ஏற்றுமதியைக் காப்பாற்றியது, பழுதும் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சரிசெய்யப்பட்டது. உலகத் தேவையும் அப்போது மந்தமாகத்தான் இருந்தது. கச்சா எண்ணெயிலிருந்து வாயுவையும் ஹைட்ரஜன் சல்பைடையும் பிரித்து நிலைப்படுத்தும் கோபுரங்கள்தான் அப்கைக்கின் உயிர்நாடி. அவை உடைந்தால் கிணறு நன்றாக இருந்தும் பயனில்லை. ஆகவே ஒரு தாக்குதல் செய்தி வந்தால் "எது எரிகிறது" என்பதைவிட "எந்த உபகரணம் போயிற்று, அதற்கு மாற்று இருக்கிறதா" என்று கேளுங்கள். குழாயில் ஓட்டை விழுந்தால் சில நாளில் அடைத்துவிடலாம். பெரிய கம்ப்ரசரோ பிரிப்புக் கோபுரமோ போனால் புதிதாகச் செய்து வரப் பல மாதம் ஆகும்.

2022 இன்னொரு விதம். உக்ரைன் படையெடுப்புக்கு முன் 97 டாலர் அளவில் இருந்த பிரென்ட், மார்ச் 7 அன்று ஒரு கட்டத்தில் 139 டாலரைத் தொட்டது. ரஷ்ய எண்ணெய் சந்தையிலிருந்து காணாமல் போய்விடும் என்ற அச்சத்துக்கான விலை அது. எண்ணெய் காணாமல் போகவில்லை, வாங்குபவர் மாறினார்கள். ஐரோப்பாவுக்குப் போனது தள்ளுபடி விலையில் ஆசியாவுக்குப் போனது. அமெரிக்கா தன் மூலோபாயக் கையிருப்பிலிருந்து 18 கோடி பீப்பாய் விடுவிப்பதாக அறிவித்தது. டிசம்பரில் விலை 80 டாலர் அளவில் இருந்தது. போர் நின்றுவிடவில்லை. ஆனால் அந்த ஆண்டு டீசல் விலை கச்சா விலையைவிட வேகமாக ஏறியது, ஏனென்றால் நெருக்கடி சுத்திகரிப்புத் திறனிலும் இருந்தது. கச்சா விலையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த வலி தெரியவே தெரியாது.

பாரசீக வளைகுடாவின் வாசலான ஹோர்முஸ் நீரிணைக்கு மட்டும் வேறு கணக்கு. 2024 நிலவரப்படி நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய், உலகப் பயன்பாட்டில் ஐந்தில் ஒரு பங்கு, அந்த வழியாகப் போகிறது. மிகக் குறுகிய இடத்தில் அகலம் 33 கிலோமீட்டர்தான். முக்கியமான மாற்றுவழி இரண்டு குழாய்கள்: சவூதியைக் குறுக்காகக் கடந்து செங்கடலில் யன்பு துறைமுகம் போவது ஒன்று, அமீரகத்தின் ஹப்ஷானிலிருந்து புஜைரா போவது மற்றொன்று. இரண்டும் சேர்ந்தாலும் நீரிணையின் அளவில் பாதியைத் தொடாது. எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது, உலகின் உபரி உற்பத்தித் திறனில் பெரும்பகுதி சவூதி, அமீரகம், குவைத் மூன்றிடமும்தான் இருக்கிறது. ஆபத்துக்கு உதவ வேண்டிய எண்ணெயே அந்த வாசலுக்கு உள்ளே இருக்கிறது. மற்ற எந்த நெருக்கடியிலும் கைகொடுக்கும் தற்காப்பு இங்கே மட்டும் பாதிக்குமேல் செயலிழந்துவிடும். அரசுகளின் கையிருப்பு ஒன்றுதான் மிஞ்சும். 1974இல் உருவான சர்வதேச எரிசக்தி முகமை தன் உறுப்பு நாடுகள் 90 நாள் நிகர இறக்குமதிக்குச் சமமான எண்ணெயை வைத்திருக்க வேண்டும் என்று விதித்திருப்பது இப்படிப்பட்ட நிலைக்காகத்தான்.

"போர் மூளப்போகிறது என்கிறார்கள், விலை 3 டாலர்தானே ஏறியிருக்கிறது, சந்தைக்கு அக்கறையே இல்லையா?" என்று பலர் கேட்பதுண்டு. நிகழ்தகவைப் பெருக்கிப் பாருங்கள். இப்போதைய விலை 70 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெருந்தடை வந்தால் 130 ஆகும், அதற்கு 5 சதவீத வாய்ப்பு என்று சந்தை நினைத்தால், சேர வேண்டிய கூடுதல் 60இல் 5 சதவீதம், அதாவது 3 டாலர்தான். அந்தப் பேரிடர் நடக்காவிட்டால் இந்த 3 டாலரும் திரும்ப இறங்கிவிடும். 1991 ஜனவரி 17 அன்று ஈராக் மீது குண்டுவீச்சு தொடங்கிய நாளில் அமெரிக்கக் கச்சா விலை 32 டாலர் அளவிலிருந்து 21 டாலர் அளவுக்கு விழுந்தது இப்படித்தான். சவூதி வயல்களுக்கு ஆபத்தில்லை என்று தெளிந்தது, கையிருப்பு விடுவிப்பும் அறிவிக்கப்பட்டது. 2025 ஜூனில் இஸ்ரேல்–ஈரான் மோதலின்போது ஏறிய விலையும், எண்ணெய்ப் போக்குவரத்து தொடர்கிறது, சண்டைநிறுத்தம் வருகிறது என்று தெரிந்த இரண்டே நாளில் கரைந்தது. ஆனால் "இன்றைய விலையில் போர் அச்சம் 8 டாலர்" என்று ஆய்வாளர்கள் சொல்லும் எண்களை அப்படியே நம்ப வேண்டாம். கையிருப்பு அளவிலிருந்து விலையைக் கணிக்கும் ஒரு கணித மாதிரியைக் கொண்டு "நியாயமான" விலையைக் கணக்கிட்டு, மிச்சத்தை அச்சம் என்று பெயரிடுகிறார்கள். மாதிரியை மாற்றினால் எண்ணும் மாறும். இதைவிட நம்பகமான அறிகுறி, வரும் மாதங்களில் கைக்கு வரும் எண்ணெய்க்கு இன்றே விலை பேசும் முன்பேரச் சந்தையில் இருக்கிறது. முதல் மாத ஒப்பந்தம் ஆறாம் மாத ஒப்பந்தத்தைவிட எவ்வளவு விலை கூடுதல் என்று பாருங்கள். அந்த இடைவெளி விரிந்தால் உடனடி எண்ணெய்க்கே தட்டுப்பாடு. எல்லா மாத ஒப்பந்தங்களும் ஒரே அளவு ஏறினால் அதற்கு வேறு காரணம் இருக்கும்.

கப்பல் தாக்குதல்களில் செலவு வேறு இடத்தில் ஏறுகிறது. 2023 நவம்பரிலிருந்து ஏமனின் ஆயுதக் குழுவான ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கியபோது, போர் அபாயக் காப்பீட்டுக் கட்டணம் கப்பல் மதிப்பில் 1 சதவீதத்தை நெருங்கியது. 10 கோடி டாலர் மதிப்புள்ள பெரிய டேங்கருக்கு ஒரு நடைக்கு 10 லட்சம் டாலர். அது 20 லட்சம் பீப்பாய் ஏற்றினால் பீப்பாய்க்கு 50 சென்ட். செங்கடலைத் தவிர்த்து ஆப்பிரிக்காவின் தெற்கே நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனால் 10 முதல் 14 நாள் கூடுதல் ஆகும். கப்பல்காரருக்கு இது பெரிய தொகை, கச்சா விலைக்கோ சிறு சலசலப்பு. அதனால்தான் அந்தக் காலம் முழுக்கக் கப்பல் வாடகை துள்ளியும் பிரென்ட் பெரிதாக அசையவில்லை.

இனி எதிர்த்திசை: விலை வன்முறையை உண்டாக்குகிறதா? இங்கே அரசையும் ஆயுதக் குழுவையும் பிரித்தே பேச வேண்டும். அரசுகளைப் பொறுத்தவரை, விலை ஏறினால் துணிச்சல் கூடுகிறது என்று சொல்பவர்கள் ரஷ்யாவைக் காட்டுவார்கள்: 2008 ஜார்ஜியா, 2014 கிரீமியா, 2022 உக்ரைன், மூன்றும் விலை உச்சத்தில் இருந்த காலம். கவனிக்கத்தக்க ஒற்றுமைதான், ஆனால் மூன்று நிகழ்வுகள் நிரூபணம் ஆகாது. இதற்கு நேரெதிரான, ஆவணங்களில் தெளிவாகப் பதிவான வழக்கு ஒன்றும் உண்டு. 1990 மே மாதம் பாக்தாத்தில் கூடிய அரபு உச்சி மாநாட்டில் சதாம் உசேன், விலை ஒரு டாலர் இறங்கினால் ஈராக்குக்கு ஆண்டுக்கு 100 கோடி டாலர் நட்டம், ஒதுக்கீட்டை மீறி எண்ணெய் எடுப்பது எங்கள் மீது தொடுக்கும் போருக்குச் சமம் என்றார். ஆகஸ்ட் 2 அன்று குவைத்துக்குள் படை நுழைந்தது. ஈரானோடு நடத்திய எட்டாண்டுப் போரின் கடன் தலைக்கு மேல் இருந்த ஒரு அரசுக்கு விலைச் சரிவே போருக்கான தூண்டுதலாக இருந்தது. ஆக விலை ஏறினாலும் போர் வரலாம், இறங்கினாலும் வரலாம். அந்த அரசின் கடனையும் அதை ஆள்பவரையும் தெரிந்துகொள்ளாமல் திசையைச் சொல்ல முடியாது.

ஆயுதக் குழுக்களில் தெளிவான சான்று கொலம்பியாவிலிருந்து வருகிறது. பொருளியலாளர்கள் டூபே, வர்காஸ் இருவரும் அந்நாட்டின் நகராட்சிவாரித் தரவை ஆராய்ந்தார்கள். உலக எண்ணெய் விலை ஏறியபோது எண்ணெய் எடுக்கும் பகுதிகளில் துணை ராணுவக் குழுக்களின் (அரசுப் படையல்ல, தனியார் ஆயுதக் குழுக்கள்) தாக்குதல் கூடியது. கொள்ளையடிக்க அதிகப் பணம் அங்கே வந்தது. காபி விலை விழுந்தபோது காபிப் பகுதிகளில் வன்முறை கூடியது. அங்கே கூலி குறைந்து, ஆட்கள் ஆயுதம் பக்கம் போனார்கள். ஒரே நாட்டில் ஒரு பொருளின் விலையேற்றமும் இன்னொன்றின் வீழ்ச்சியும் ஒரே விளைவைத் தந்திருக்கின்றன. ஊர் அளவில் இது நல்ல சான்று. நாடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் ஆய்வுகளுக்கு வந்தால் முடிவுகள் முரண்படுகின்றன. ஒவ்வொரு நாட்டின் நிலையான தன்மைகளையும் கணக்கில் எடுத்ததும் எண்ணெய்க்கும் உள்நாட்டுப் போருக்குமான தொடர்பு மறைந்துவிடுகிறது என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

ஐஎஸ் அமைப்பை வைத்து "உலக விலையைக் குறைத்தால் பயங்கரவாதம் பட்டினி கிடக்கும்" என்று வாதிடுவார்கள். நடந்தது அதுவல்ல. 2014இல் அமெரிக்கக் கருவூலம் அவர்களின் எண்ணெய் வருவாயை நாளொன்றுக்கு 10 லட்சம் டாலர் அளவில் மதிப்பிட்டது. அதன் பிறகு உலக விலை பாதியானது, ஆனால் 2015 இறுதியில் வந்த மதிப்பீடும் மாதம் 4 கோடி டாலர் வரை என்றது. அவர்கள் லண்டன் சந்தையின் உலக விலைக்கு விற்கவில்லை. கிணற்றடியிலேயே லாரிக்காரர்களுக்கு விற்றார்கள். எண்ணெய், டிரம்மில் காய்ச்சி வடிக்கும் நாட்டு ஆலைகளுக்குப் போய், சுற்றுவட்டாரத்துக்கு டீசலாக வந்தது. போரால் துண்டிக்கப்பட்ட அந்தப் பகுதியில் மக்களுக்கு வேறு எரிபொருள் கிடையாது, ஆகவே விலையை நிர்ணயித்தது உள்ளூர்த் தட்டுப்பாடு. அந்த வருவாயை முறித்தது கிணறுகளையும் லாரிகளையும் குறிவைத்த தாக்குதல்களும் (2015 நவம்பரில் ஒரே தாக்குதலில் 116 டேங்கர் லாரிகள் அழிக்கப்பட்டன), கடைசியில் நிலப்பரப்பே கைவிட்டுப் போனதும்தான். நிலத்தைப் பிடித்து ஆளும் அமைப்புக்குப் பணம் பெரிதாக வேண்டும். தனித் தாக்குதலுக்கு அவ்வளவு வேண்டாம்: செப்டம்பர் 11 சதிக்கு ஆன மொத்தச் செலவு 4 முதல் 5 லட்சம் டாலர் என்று விசாரணை ஆணையம் மதிப்பிட்டது. எந்த எண்ணெய் விலையிலும் அந்தத் தொகை திரட்டக்கூடியதுதான்.

வரைபடத்தைத் திரும்பப் போட விரும்பினால் ஆண்டுச் சராசரியை விட்டுவிடுங்கள். நான் மேலே சொன்ன ஏற்ற இறக்கங்களில் பல சில வாரங்களுக்குள் முடிந்தவை, ஆண்டுச் சராசரியில் அவை கரைந்துபோகும். அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் பிரென்ட்டின் நாள்வாரி விலையை 1987 முதல் இலவசமாகத் தருகிறது. பத்துப் பன்னிரண்டு நிகழ்வுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வர்த்தக நாள் முன்பிருந்த விலை, மறுநாள், ஐந்தாம் நாள், இருபதாம் நாள், அறுபதாம் நாள் விலை என்று எழுதுங்கள். பக்கத்தில் உண்மையில் நின்ற உற்பத்தி எத்தனை பீப்பாய், அப்போது ஒபெக்கின் உபரித் திறன் எவ்வளவு என்ற இரண்டு நிரல்கள். நிகழ்வுகளை விலை எகிறியவற்றிலிருந்து மட்டும் பொறுக்காதீர்கள். 2002இல் ஏமன் கடலோரத்தில் தாக்கப்பட்ட லிம்பர்க் டேங்கர், 2006இல் அப்கைக் மீது அல்-கொய்தா நடத்தித் தோற்ற முயற்சி, 2013இல் அல்ஜீரியாவின் இன் அமெனாஸ் எரிவாயு ஆலைப் பிணைக்கைதி நெருக்கடி போன்று விலை பெரிதாக நகராதவற்றையும் சேருங்கள். இறந்தவர் எண்ணிக்கையை ஒரு நிரலாகவும் நின்ற பீப்பாய்களை இன்னொரு நிரலாகவும் வைத்து, விலை எதனோடு சேர்ந்து நகர்கிறது என்று நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.